பூரப் என்னும் திசை: போஜ்புரி நிலத்தில் பிரிவின் வரலாறு

போஜ்புரி மொழியில் ‘பூரப்’ என்றால் கிழக்கு. அகராதி அவ்வளவில் நின்றுவிடும். ஆனால் சாரண், சாகாபாத், பலியா, காஜிப்பூர், ஆசம்கர் ஆகிய மாவட்டங்களின் பெண்கள் திருகையின் முன் அமர்ந்து பாடிய பாடல்களில் அச்சொல் வெறும் திசையன்று. கணவன் போய்ச் சேர்ந்து திரும்பாதிருக்கும் இடம். தில்லியிலும் பஞ்சாபிலும் இருந்து பார்த்தவர்களுக்கு இம்மக்களே ‘பூர்பியா’க்கள், அதாவது கிழக்கத்தியர். பிறரால் கிழக்கத்தியர் எனப்பட்ட இவர்கள் தமக்கும் கிழக்கே இன்னொரு கிழக்கை வைத்திருந்தனர். கல்கத்தா அதன் நடுவிடம்; அசாமின் தேயிலைத் தோட்டங்களும் இரங்கூனும் அதன் எல்லைகள். சுட்டுச்சொல்லின் பொருள் பேசுவோர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பது மொழியியலின் முதற்பாடங்களுள் ஒன்று. பூரப் என்ற சொல்லுக்கு அவ்விடம் வீட்டின் அடுப்படி. அங்கே நிற்பவள் அசைவதில்லை. எனவே அச்சொல்லின் பொருளும் நூறாண்டுகளுக்கு மேலாக அசையவில்லை.

‘பிதேஸ்’ என்ற சொல்லும் அத்தகையதே. வடமொழியின் ‘விதேச’ என்பதிலிருந்து வந்த இச்சொல்லை இன்றைய வாசகர் வெளிநாடு என்று படிப்பர். போஜ்புரிப் பாடல்களில் முந்நூறு நானூறு மைல் தொலைவிலுள்ள கல்கத்தாவும் பிதேஸ்தான். ஏழு கடலுக்கு அப்பாலுள்ள டெமராராவும் பிதேஸ்தான். அரசியல் எல்லை இங்கே கணக்கில் இல்லை. மாலையில் வீடு திரும்ப முடியாத எவ்விடமும் பிதேஸ். அங்கே போனவன் பிதேசி. அவனை உரிமையோடும் ஏக்கத்தோடும் அழைக்கும்போது பிதேசியா.

இப்பிரிவு ஆங்கில ஆட்சியோடு தொடங்கியதன்று. கங்கைச் சமவெளியின் இப்பகுதி முகலாயர் காலம் முதலே கூலிப்படை வீரர்களை அனுப்பிவந்த நிலம். டிர்க் கோல்ஃப் 1990இல் வெளியிட்ட நூல் இப்படைத்தொழிற் சந்தையின் வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. ‘நௌகரி’க்குப் போன கணவனை எண்ணி வாடும் பெண்ணின் பாடல்களையும் அவர் சான்றாகக் கொள்கிறார். உழவன் வறண்ட மாதங்களில் படைக்குச் செல்வதும், விதைப்புக்கோ அறுவடைக்கோ திரும்புவதும் வழக்கமாயிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையும் இப்பகுதியிலிருந்தே ஏராளமானோரைச் சேர்த்தது. 1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் பூர்பியாக்கள் மீதான நம்பிக்கை போயிற்று. ஆள்சேர்ப்பு மெல்ல மெல்லப் பஞ்சாபை நோக்கி நகர்ந்தது. படைக்கதவு அடைபட்ட அதே தலைமுறையில்தான் ஆலைக்கதவும் கப்பற்கதவும் திறந்தன. போகும் வழி மாறியதேயன்றிப் போவது நிற்கவில்லை.

ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் முதற் சணல் ஆலை 1855இல் தோன்றியது. கல்கத்தாவையும் தில்லியையும் இருப்புப்பாதை 1866க்குள் இணைத்தது. 1880களில் வங்காள வடமேற்கு இரயில்வே கங்கைக்கு வடக்கே சாரண் வழியாகப் பாதை அமைத்தது. அங்கிருந்து புறப்படுபவர் நீராவிப் படகில் கங்கையைக் கடந்து மறுகரையில் வண்டியேற வேண்டும். தொடக்கத்தில் உள்ளூர் வங்காளிகள் நிறைந்திருந்த ஆலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பீகாரிகளும் ஐக்கிய மாகாணத்தவரும் பெருகினர். 1920களின் இறுதியில் ஆலைத் தொழிலாளர் மூன்று இலட்சத்துக்கு மேல். அவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுள் பலருடைய மனைவியர் ஊரில் இருந்தனர். ஆலை தந்த கூலி ஒருவன் பிழைக்கப் போதுமானது. குடும்பம் பிழைக்கப் போதாது. ஊரிலிருந்த நிலமோ குடும்பத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே சோறு போடும். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு வாழ்க்கை. ஆலை முதலாளிக்கு இதில் ஆதாயம் வெளிப்படையானது: தொழிலாளியின் குழந்தையை வளர்க்கும் செலவும், நோயாளியையும் முதியவரையும் பேணும் செலவும் கிராமத்தில் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தன. அவள் பாடியதை விரகம் என்று இலக்கியம் வகைப்படுத்தியது. பொருளியல் அதற்குப் பெயரே வைக்கவில்லை. சமிதா சென் 1999இல் எழுதிய சணல் ஆலைப் பெண்கள் பற்றிய நூல் இந்தக் கணக்கைத் தெளிவாகத் திறந்துகாட்டியது.

திருமண முறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இளம்வயதில் திருமணம் நடக்கும். பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். சில ஆண்டுகள் கழித்து ‘கௌனா’ என்னும் இரண்டாம் சடங்கில்தான் கணவன் வீட்டுக்கு அனுப்பப்படுவாள். இல்லறம் தொடங்குவது அப்போதுதான். கௌனாவுக்கான செலவு, அதற்கு வாங்கிய கடன், கடனை அடைக்கப் பயணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முகம் பழகுமுன்னே பிரிவு வந்துவிடும். பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் முறையீடு இதுவே: கௌனா செய்து அழைத்துவந்தவன் வீட்டில் அமர்த்திவிட்டுப் போய்விட்டான். அறிமுகம் ஆகாத ஒருவனுக்காகக் காத்திருப்பது எவ்வகைக் காதல் என்ற கேள்வி எழுகிறது. பாடல்கள் அதற்கு விடை சொல்ல முயல்வதில்லை. ஆனால் அவற்றுள் நினைவுகூரப்படும் காட்சிகள் மிகச் சிலவாகவே இருப்பதைக் கவனிக்கலாம்: ஒரு தலைப்பாகை, ஒரு மஞ்சள் வேட்டி, புறப்பட்ட நாளின் வாசற்படி. நினைவுக்கு வேறு சரக்கு இல்லை.

அப்பாடல்கள் எங்கே பாடப்பட்டன என்பது அவற்றின் பொருளைப்போலவே முக்கியமானது. ‘ஜத்சார்’ என்பது ‘ஜாந்த்’ எனப்படும் திருகையில் தானியம் அரைக்கும்போது பாடுவது. விடியலுக்கு முன் இரு பெண்கள் எதிரெதிரே அமர்ந்து ஒரே பிடியைப் பற்றிக் கல்லைச் சுழற்றுவர். கூட்டுக் குடும்பத்தில் மருமகள் மனத்தைத் திறந்து பேச அனுமதிக்கப்பட்ட இடம் வேறில்லை. கணவனின் பெயரை உச்சரிப்பது கூடாது. அவனைப் பற்றி மாமியாரிடம் கேட்பது நாணமின்மை. கல்லின் ஓசைக்கு உள்ளே, வேலையின் பெயரால், அவள் எதையும் பாடலாம். நடவு வயலில் ‘ரோப்னி’, மழைக்காலத்தில் ‘கஜ்ரி’, மாதந்தோறும் மாறும் வருத்தத்தைச் சொல்லும் ‘பாரஹ்மாசா’ என்று வேலைக்கும் பருவத்துக்கும் ஏற்ப வகைகள் உண்டு. ஆண்களுக்கோ ‘பிர்ஹா’. விரகம் என்ற சொல்லின் வழிவந்த அது மாடு மேய்க்கும் அஹீர்களின் பாடல். காதில் கைவைத்து உரத்துப் பாடப்படுவது. ஒரே வேர்ச்சொல் ஆணுக்குத் திறந்த வெளியையும் பெண்ணுக்கு இருட்டறையையும் தந்தது.

ஜார்ஜ் கிரியர்சன் பெயரை இந்திய மொழியியல் மாணவர் அனைவரும் மொழிக் கணக்கெடுப்பின் வழியாக அறிவர். அவருடைய இன்னொரு பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1880களில் பீகாரில் ஆட்சிப்பணியில் இருந்தபோது காலனிகளுக்கு ஆட்கள் கப்பலேறுவது குறித்து மாவட்டம் மாவட்டமாக விசாரித்து 1883இல் அரசுக்கு அறிக்கை தந்தவர் அவர். அடுத்த சில ஆண்டுகளில் பீகாரி, போஜ்புரி நாட்டுப்பாடல்களை ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டவரும் அவரே. ஒரு கையில் புறப்பட்டவர்களின் பதிவேடு. மறுகையில் தங்கிவிட்டவர்களின் குரல். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வேலை பிற்கால ஆய்வாளர்களுக்கு விடப்பட்டது.

போஜ்புரிப் பெயர்ச்சொற்களுக்குக் குறுவடிவம், நெடுவடிவம், மிகைவடிவம் என்று மூன்று வடிவங்கள் உண்டு. கோரா என்னும் குதிரை கோர்வா என்றும் கோரௌவா என்றும் நீளும். நீண்ட வடிவம் நெருக்கத்தையோ, செல்லத்தையோ, சில வேளை இகழ்ச்சியையோ ஏற்றும். இரு தரப்பும் முன்பே அறிந்த பொருளைச் சுட்டும். பியா பியவா ஆகும். வியப்பு என்னவென்றால், நேற்று வந்த அந்நியப் பொருள்களும் இதே ஒட்டைப் பெற்றன. ரேல் ‘ரேலியா’ ஆயிற்று. ஜஹாஜ் ‘ஜஹஜியா’ ஆயிற்று. பைசா ‘பைசவா’ ஆயிற்று. கணவனைக் கொண்டுபோன இரயிலுக்கும் கணவனுக்கும் இலக்கணம் ஒரே உறவை வழங்கியது. இரயிலைப் பகைவி என்றும் சக்களத்தி என்றும் ஏசும் பாடல்கள் பல. சில அதையும் கடந்து, இரயிலும் கப்பலும் குற்றமற்றவை, காசே பகை என்ற முடிவுக்கு வருகின்றன. பொருளாதார வரலாற்றாசிரியர்கள் நீண்ட அட்டவணைகளோடு சென்றடைந்த முடிவும் ஏறக்குறைய அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. விரகம் இந்திய இலக்கியத்தின் பழைய மரபு. நாட்டிய சாத்திரத்தின் எட்டு நாயகியருள் ‘புரோஷிதபர்த்ருகை’, அதாவது கணவன் பயணம் போனவள், ஒருத்தி. மேகத்தைத் தூதனுப்பிய யட்சனும் அம்மரபினனே. தமிழ் இலக்கணம் ‘பொருள்வயிற் பிரிவு’ என்றே தனித்துறை வகுத்தது. எனவே கிராமத்துப் பெண்ணின் பாடலை வாழ்க்கைச் சான்றாகக் கொள்வது தவறு, அது பரம்பரையாக வந்த வாய்பாடு மட்டுமே என்பர் சிலர். இவ்வாதத்தில் பாதியே உண்மை. வாய்பாடு என்பதால் உணர்வு பொய்யாகிவிடாது. ஒப்பாரிக்கும் வாய்பாடு உண்டு, அதனால் எவரும் சாவைப் பொய் என்பதில்லை. வாய்பாடு இருப்பதாற்றான் தனித்துப் பேச உரிமையற்றவள் பேச முடிகிறது: இது என் சொல்லன்று, பாட்டில் உள்ளது என்று சொல்லித் தப்பலாம். மேலும் செவ்வியல் மரபின் யட்சனுக்குத் தண்டனைக்காலம் ஓராண்டு. முடியும் நாள் அவனுக்குத் தெரியும். ஆலைக்குப் போனவனுக்கு அத்தகைய நாள் இல்லை. பாரஹ்மாசா பன்னிரண்டு மாதங்களையும் சொல்லி முடித்தபின் மீண்டும் முதல் மாதத்துக்கே வருகிறது.

தூது என்ற மரபுக்கு இந்நிலத்தில் நிர்வாக வடிவம் ஒன்றும் கிடைத்தது. 1854இல் வந்த அஞ்சல் சட்டம் கடிதக் கட்டணத்தைத் தொலைவிலிருந்து விடுவித்தது. அரையணாவுக்கு நாட்டின் எம்மூலைக்கும் கடிதம் போகும். 1879இல் கால் அணா அஞ்சலட்டை வந்தது. 1880இல் மணியார்டர் அஞ்சல் துறையின் பணியாயிற்று. சாரண் மாவட்டம் மணியார்டரால் பிழைத்த மாவட்டம் என்றே சொல்லலாம். ஆனந்த் யாங் அம்மாவட்டம் பற்றி எழுதிய ஆய்வு பருவந்தோறும் கிழக்கே போனோரையும் அவர்கள் அனுப்பிய பணத்தையும் சேர்த்தே காட்டுகிறது. குத்தகையும் வட்டியும் கட்டியது அப்பணமே.

ஆனால் மணியார்டர் யார் பெயருக்கு வந்தது? கூட்டுக் குடும்பத்தின் ஒழுங்குப்படி தந்தைக்கோ மூத்த அண்ணனுக்கோ. மனைவியின் பெயரை எழுதுவது பெரியோரை அவமதிப்பதாகக் கருதப்பட்டது. படிவத்தின் அடியில் செய்தி எழுதச் சிறு கட்டம் உண்டு. எழுதத் தெரியாத தொழிலாளி சொல்ல, அஞ்சலக வாசலில் அமர்ந்த எழுத்தர் அதில் எழுதுவார். ஊரில் எழுத்தறிந்த ஒருவரோ தபால்காரரோ முற்றத்தில் உரக்கப் படிப்பார். நலம், நலமறிய ஆவல், பெரியோர்க்கு வணக்கம், சிறியோர்க்கு ஆசி. இவற்றுக்கு நடுவே கணவன் மனைவிக்கு எதைச் சொல்லிவிட முடியும்? ‘வீட்டில் எல்லோரும்’ என்ற பொதுச்சொல்லுக்குள் அவள் இருந்தாள். கதவிடுக்கில் நின்று அவள் கேட்ட கடிதத்தில் அவளுக்குரிய பகுதி பணம் வந்தது என்பது மட்டுமே. அதாவது அவன் உயிரோடிருக்கிறான், மறக்கவில்லை. பணம் நின்றுபோனால் அதற்குப் பொருள் இரண்டு. எது என்று சொல்லக் கட்டம் இல்லை.

இக்கடிதங்களில் இன்று எஞ்சியவை மிகக் குறைவு. ஒப்பிட ஒரு நிகழ்ச்சி: முதல் உலகப்போரில் பிரான்சுக்குச் சென்ற இந்தியப் படைவீரர்களின் கடிதங்களை ஆங்கில அரசு தணிக்கை செய்தது, அதற்கெனத் தனி அலுவலகமே இயங்கியது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எடுக்கப்பட்ட பகுதிகள் தணிக்கை அறிக்கைகளோடு இலண்டனில் பாதுகாக்கப்பட்டன; டேவிட் ஒமிசி அவற்றைத் தொகுத்து 1999இல் நூலாக்கினார். மனைவிக்கு எழுதியதும் மனைவி எழுதியதும் அவற்றுள் உண்டு. படைவீரனின் ஏக்கம் அரசுக்கு அச்சம் தந்தது, ஆகவே ஆவணமாயிற்று. சணல் ஆலைத் தொழிலாளியின் ஏக்கத்தால் எவருக்கும் ஆபத்தில்லை. அதை ஒருவரும் பிரித்துப் படிக்கவில்லை, ஒருவரும் காப்பாற்றவுமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பாடலும் நாடகமும் சான்றாகின்றன.

நாடகம் என்றவுடன் வரும் பெயர் பிக்காரி தாக்கூர். 1887 டிசம்பர் 18இல் சாரண் மாவட்டத்துக் குதுப்பூரில் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர், 1971இல் மறைந்தார். இளமையில் பிழைப்புக்காகக் கரக்பூர் சென்றவர். ஊர் திரும்பி நாடகக்குழு அமைத்தார். அவரை ‘போஜ்புரியின் ஷேக்ஸ்பியர்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சோம்பேறித்தனமான புகழுரை. அவர் என்ன செய்தார் என்பதை அது மறைத்துவிடுகிறது. வட இந்தியக் கிராமத்தில் நாவிதர் முடி திருத்துபவர் மட்டுமல்லர். திருமண அழைப்பையும் பிறப்பு இறப்புச் செய்தியையும் ஊர் ஊராகச் சுமந்து சென்றவர் அவரே. தூது அவருடைய குலத்தொழில். ‘பிதேசியா’ நாடகத்தை எழுதியவர் தொழில்முறைத் தூதுவர் ஒருவர் என்பதை நினைவிற்கொண்டால், அதில் ஏன் வழிப்போக்கன் இவ்வளவு இடம் பெறுகிறான் என்பது விளங்கும்.

கதை எளியது. கல்கத்தாவின் கவர்ச்சியைக் கேள்விப்பட்ட பிதேசி, மனைவி தடுத்தும் கேளாமல் நழுவிப் போகிறான். தனித்திருக்கும் பியாரி கிழக்கே செல்லும் ‘படோஹி’ என்னும் வழிப்போக்கனிடம் செய்தி சொல்லி அனுப்புகிறாள். எத்தனையோ இலட்சம் பேர் உள்ள நகரில் கணவனை அவன் எவ்வாறு அறிவான்? அவள் உருவ அடையாளங்களைச் சொல்கிறாள். படோஹி அவனைக் கண்டுபிடிக்கிறான். அங்கே அவனுக்கு வேறொரு பெண்ணும் பிள்ளைகளும் உண்டு. ஊரிலோ கணவனற்ற வீடு என்று கருதி மைத்துனன் முறையிலான ஒருவன் பியாரியைத் தொந்தரவு செய்கிறான். பிதேசி இரவில் திரும்பிக் கதவைத் தட்டும்போது அவள் திருடனென்று அஞ்சித் திறக்க மறுக்கிறாள். பிரிவின் மெய்யான அளவு அக்கதவில் தெரிகிறது: குரல் அடையாளம் தெரியாமற் போயிருக்கிறது. பின்னர் இரண்டாம் பெண்ணும் பிள்ளைகளோடு வந்து சேர்கிறாள். பியாரி அவளை ஏற்றுக்கொள்கிறாள்.

இம்முடிவு இன்றைய வாசகருக்கு உவப்பளிக்காது. கணவனின் குற்றம் எளிதில் மன்னிக்கப்படுகிறது என்பது சரியான குறையே. எனினும் கல்கத்தாப் பெண்ணை நாடகம் தீயவளாக முடித்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வங்கத்துப் பெண்கள் மந்திரத்தால் ஆண்களை ஆட்டுக்கிடாயாகவோ கிளியாகவோ மாற்றிவிடுவர் என்ற நம்பிக்கை இந்நிலத்தில் பரவியிருந்தது. திரும்பாத கணவனை மன்னிக்க அது வசதியான கதை. தாக்கூர் மந்திரத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு பெண்ணை வைத்தார். அவளுக்கும் போக்கிடமில்லை. பெண் வேடம் அனைத்தையும் ஆண்களே ஏற்ற ‘லௌண்டா நாச்’ வடிவில் இது ஆடப்பட்டது. குழு கல்கத்தாவுக்கும் சென்று ஆடியது. மனைவியை ஊரில் விட்டுவந்த ஆண்களின் கூட்டம் பியாரியின் புலம்பலை ஓர் ஆணின் குரலில் கேட்டது. கடிதத்தில் எழுதப்பட முடியாதது மேடையிலிருந்து அவர்களை வந்தடைந்தது.

கல்கத்தாவரை போனவனுக்குத் திரும்ப இரயில் இருந்தது. கார்டன் ரீச் முகாமிலிருந்து கப்பலேறியவனின் நிலை வேறு. 1834இல் மொரீசியசுக்குத் தொடங்கி, 1838இல் பிரிட்டிஷ் கயானா, 1845இல் டிரினிடாட், 1873இல் சுரினாம், 1879இல் பிஜி என்று விரிந்து 1917இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்படும்வரை பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை இம்முறை கொண்டுபோயிற்று. ஒப்பந்தம் ஐந்தாண்டு. பெரும்பாலான காலனிகளில் இலவசத் திரும்புபயணத்துக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். ‘அக்ரிமெண்ட்’ என்பது ‘கிர்மிட்’ ஆயிற்று, ஒப்பந்தக்காரர் கிர்மிட்டியா. தீவுகளுக்குப் பொதுப்பெயர் ‘டாப்பு’. மொரீசியஸ் ‘மிரிச்’ ஆனது; டெமராரா ‘டம்ரா’; டிரினிடாட் சர்க்கரையின் பெயரேற்றுச் ‘சினிடாட்’; சுரினாம் ‘ஸ்ரீராம்’. அந்நிய ஒலியைத் தெரிந்த சொல்லாகத் திரிப்பது மொழிகளின் இயல்பு. இங்கே அது கூடுதலாக ஒரு வேலை செய்தது. கணவன் ஸ்ரீராம் தேசத்தில் இருக்கிறான் என்று நினைப்பதற்கும், அட்லாண்டிக் கரையில் டச்சுக்காரர் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறான் என்று நினைப்பதற்கும் வேறுபாடு உண்டு.

பெண்களோடு கடற்பயணம் இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் விதி வகுத்தது. காலனி அரசோ, நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருந்தாலொழியக் கப்பல் புறப்படலாகாது என்று விதித்தது. இவ்விதியைக் குடும்பங்களைக் கொண்டு நிரப்ப இயலவில்லை. பிஜிக்குச் சென்ற வட இந்தியரின் 45,000 குடியேற்றச் சீட்டுகளை ஆராய்ந்த பிரிஜ் லால், வயதுவந்த பெண்களுள் பெரும்பகுதியினர் கணவர் உடன் வராமல் தனியாகவே கப்பலேறினர் என்று காட்டினார். கைம்பெண்கள், விலக்கப்பட்டவர்கள், பஞ்சத்தில் வீடிழந்தவர்கள், கணவன் திரும்பாமற் போனவர்கள். காயூத்ரா பகதூர் தம் கொள்ளுப்பாட்டியின் தடத்தைத் தேடி எழுதிய நூல் இத்தகைய ஒருத்தியிடமிருந்தே தொடங்குகிறது: 1903இல் கருவுற்ற நிலையில் தனியே கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குக் கப்பலேறியவர். காத்திருப்பவள் பெண், போகிறவன் ஆண் என்ற பாடலின் உலகம் இப்பதிவேடுகளில் உடைந்துபோகிறது. பிதேசியா என்ற சொல் ஆண்பாலிலேயே நின்றுவிட்டது. போன பெண்ணை எண்ணி ஏங்கும் பாடல் வகைக்குப் பெயர் ஏற்படவில்லை.

கடலுக்கு அப்பால் திருமணத்தின் சட்டநிலையும் ஆட்டங்கண்டது. சமயச் சடங்கால் மட்டும் நடந்த திருமணத்தைப் பல காலனிகள் பதிவின்றி ஏற்கவில்லை. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு இதன் உச்சம். கணவனிடம் வந்து சேரக் கப்பலில் வந்த மனைவியை, பலதார மணத்துக்கு இடமளிக்கும் சமயமுறைப்படி மணந்தவள் என்பதால் மனைவியாக ஏற்று இறங்கவிட இயலாது என்றது அது. ஆண்டுக்கணக்கில் தொலைவைப் பொறுத்தவர்களுக்கு, கடல் கடந்து வந்தபின்னும் கரையில் ஒரு தொலைவு மிச்சமிருந்தது. அவ்வாண்டுச் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் திரளாக இறங்கியதற்கு இத்தீர்ப்பு முக்கியக் காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட முதல் அணிப் பெண்களிற் பெரும்பாலோர் தமிழர். 1914ஆம் ஆண்டின் சட்டம் ஒரு மனைவியின் உரிமையை ஏற்றது.

திரும்பியவர் சிலர், திரும்பாதவர் பலர். திரும்பாதவன் அங்கே புதுக்குடும்பம் கண்டான். ஒரே கப்பலில் வந்தவர்கள் ‘ஜஹாஜி பாய்’ என்று உடன்பிறப்பாயினர், அவ்வுறவுக்குள் மணம் செய்வதையும் தவிர்த்தனர். ஊரில் தங்கியவளின் பிற்கால வாழ்க்கையை எப்பதிவேடும் பின்தொடரவில்லை. குடியேற்றச் சீட்டில் ‘திருமணமாகியிருந்தால் யாருடன்’ என்று ஒரு கட்டம் உண்டு. உடன் கப்பலேறிய துணையின் பெயருக்கே அது பயன்பட்டது. தங்கிவிட்டவளுக்கு அதில் இடமில்லை.

காத்திருக்காத பெண்ணைப் பற்றிப் பாடல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பிக்காரி தாக்கூர் பேசினார். ‘கபர்கிச்சோர்’ என்ற நாடகத்தில் கணவன் கலீஜ் வெளியூர் போய்த் திரும்பவேயில்லை. மனைவிக்கு ஊரான் ஒருவனால் ஒரு மகன் பிறக்கிறான். அவன் உழைக்கும் வயதை எட்டியதும் கணவன் வந்து நிற்கிறான். மனைவி என்னவள், ஆகவே மகன் என்னவன் என்கிறான். பெற்றவன் தன் உரிமையைச் சொல்கிறான். வழக்கு பஞ்சாயத்துக்கு வருகிறது. பூசணிக்கொடி என் முற்றத்தில் நட்டது, அயலான் கூரையில் படர்ந்து காய்த்தாலும் காய் எனதே என்பது கணவனின் வாதம். பால் என்னுடையது, யாரோ ஒருவர் வீட்டிலிருந்து துளி உறைமோர் வாங்கி ஊற்றினேன், அதனால் தயிரும் நெய்யும் அவருடையதாகிவிடுமா என்று தாய் கேட்கிறாள். மகனை மூன்றாக வெட்டிப் பங்கிடலாம் என்கிறார் நடுவர்; ஆண்கள் இருவரும் இசைகின்றனர். தாய் மறுத்து, வெட்டாமல் முழுதாக அவர்களிடமே கொடுத்துவிடுங்கள் என்கிறாள். இதைக் கேட்டபின் நடுவர் மகனைத் தாயிடம் ஒப்படைக்கிறார். கணவன் இல்லாத அத்தனை ஆண்டுகளில் அவள் செய்தது சரியா என்ற கேள்வியைப் பஞ்சாயத்து எழுப்பவேயில்லை.